மெதுவான பின்களில் சீரியல் பஸ் ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழைக்குப் பஞ்சமில்லை. ரவுட்டர் தன் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து மின்சாரம் போனால், திரும்ப வரும்போது பெட்டியில் ஒரு விளக்கு மட்டும் எரியும், வேறு அசைவே இருக்காது. சில மாடல்களில், பெட்டியை எழுப்பும் முதல் புரோகிராமான பூட்லோடரும் சேர்ந்தே எழுதப்படும். அது பாதியில் நின்றுவிட்டால் வெளியிலிருந்து எந்தப் பட்டனை அழுத்தியும் பயனில்லை. உள்ளே இருக்கும் 8 கால் ஃபிளாஷ் சிப்பை நேரடியாக எழுத வேண்டும்.

அதற்குத் தனி புரோகிராமர் கட்டாயமில்லை. காலியாக இருக்கும் நான்கு சாதாரணப் பின்கள் போதும். அவை எவ்வளவு மெதுவாக இருந்தாலும் சரி, ஐ2சி பஸ் (சிப்புகள் இரண்டு கம்பியில் பேசிக்கொள்ளும் வழி) மூலம் தொங்கி, கூடுதல் பின்கள் தரும் எக்ஸ்பாண்டர் சிப்பின் பின்களாக இருந்தாலும் சரி, வேலை நடக்கும். ஆனால் எல்லா பஸ்ஸுக்கும் இப்படிச் சொல்லிவிட முடியாது. எதற்கு நடக்கும், எதற்கு நடக்காது, ஏன் என்பதில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது.

முதல் கேள்வி: நேரம் யார் கையில்?

ஃபிளாஷ் சிப் பேசும் பஸ்ஸான எஸ்பிஐயில், பிட்டுகளுக்குத் தாளம் போடும் க்ளாக் கம்பியை ஆட்டுவது நாம் மட்டுமே. ஒரு பிட்டுக்கும் அடுத்த பிட்டுக்கும் இடையே 10 நானோ விநாடி விட்டாலும் 10 நிமிடம் விட்டாலும் ஃபிளாஷ் சிப்புக்கு இரண்டும் ஒன்றுதான். அது விளிம்புகளை எண்ணுகிறது, நேரத்தை எண்ணுவதில்லை. 74எச்சி595, மேக்ஸ்7219 போன்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் வகைகளும் அப்படியே. இவற்றை எத்தனை மெதுவான பின்னிலும் ஓட்டலாம்.

சாதாரண சீரியல் போர்ட்டான யூஆர்டி வேறு. அங்கே க்ளாக் கம்பியே கிடையாது, இரண்டு பக்கமும் தனித்தனியாக நேரம் எண்ணுகின்றன. 9600 பாட் வேகத்தில் ஒரு பிட் 104 மைக்ரோ விநாடி. அதில் சில சதவீதம் பிசகினாலே எழுத்துகள் குப்பையாகும். டிஎஸ்18பி20 வெப்பமானியின் ஒன்-வயர் பஸ்ஸில், படிக்கும் பிட்டை இழுத்த 15 மைக்ரோ விநாடிக்குள் பார்த்துவிட வேண்டும். டபிள்யூஎஸ்2812 எல்ஈடி பட்டையில் ஒரு முழு பிட்டே 1.25 மைக்ரோ விநாடிதான். இந்த மூன்றையும் எக்ஸ்பாண்டர் பின்னில் மாட்டிப் பார்ப்பது வீண் வேலை. ஒன்-வயர் வேண்டுமானால் டிஎஸ்2482 போன்ற பிரிட்ஜ் சிப்பை ஐ2சியில் மாட்டுங்கள்.

ஐ2சி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் விதிப்படி க்ளாக்குக்குக் கீழ்வரம்பு இல்லை. ஆனால் அதன் உறவுக்காரரான எஸ்எம்பஸ்ஸுக்கு 10 கிலோ ஹெர்ட்ஸ் கீழ்வரம்பு உண்டு. க்ளாக் 25 முதல் 35 மில்லி விநாடி வரை தாழ்ந்தே கிடந்தால் எஸ்எம்பஸ் சிப் பேச்சைக் கைவிட்டுவிடும். சாதாரணப் பின்களை ஆட்டி ஐ2சி பேசும் லினக்ஸின் ஐ2சி-ஜிபிஐஓ டிரைவரிடம் எக்ஸ்பாண்டர் பின்களைக் கொடுத்தால், மெதுவான பின்கள் நேரக்கணக்கைக் குலைக்கலாம் என்று அதுவே எச்சரிக்கை அச்சிடுகிறது. அந்த வரியை அலட்சியப்படுத்த வேண்டாம்.

மிகவும் ஏமாற்றுபவை மூன்றாவது ரகம்: க்ளாக் நம் கையில் இருப்பதுபோல் தெரியும், ஆனால் சிப்புக்குள்ளே ஒரு கடிகாரம் மறைந்திருக்கும். அவற்றைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

தேவையான பொருள்கள்

புடுவில் ஜாலான் பசார் கடைகளில் இவற்றில் பெரும்பாலானவை கையில் பார்த்தே வாங்கலாம்.

- ராஸ்பெர்ரி பை (இனி சுருக்கமாக ‘பை’) அல்லது ஐ2சி உள்ள எந்த லினக்ஸ் போர்டும் 1
- எம்சிபி23017 எக்ஸ்பாண்டர், 28 கால் டிப் வகை 1. பையிலேயே நான்கு பின் காலியாக இருந்தால் இது வேண்டாம்
- சிப்பின் மேலேயே கவ்வும் 8 கால் எஸ்ஓஐசி கிளிப் 1
- 47 ஓம் ரெசிஸ்டர் 3, 10 கிலோ ஓம் 4
- 100 நானோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் 2
- 10 சென்டிமீட்டருக்கு மேல் நீளாத ஜம்பர் வயர்கள், பிரெட்போர்டு, மல்டிமீட்டர்

கிளிப்பை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மட்டமான முலாம் சீக்கிரம் கறுத்துவிடும், எட்டுக் கால்களில் ஒன்று தொட்டும் தொடாமலும் நிற்கும். மாட்டுவதற்கு முன் சிப்பின் கால்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, மல்டிமீட்டரின் பீப் ஒலியில் எட்டு வழியையும் சோதியுங்கள்.

சிப்பின் மேல் அச்சிட்டிருப்பதைப் பூதக்கண்ணாடியில் படியுங்கள். டபிள்யூ25க்யூ64 என்றால் 64 மெகாபிட், அதாவது 8 மெகாபைட். அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் விடாதீர்கள். எஃப்வி, ஜேவி வகைகள் 3.3 வோல்ட்டில் ஓடும். எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூ வகைகள் 1.8 வோல்ட் மட்டுமே தாங்கும், 3.3 கொடுத்தால் சிப் போய்விடும். இந்த வழிகாட்டி 3.3 வோல்ட் வகைக்கு.

இணைப்பு

ஃபிளாஷ் சிப்பில் புள்ளி இருக்கும் மூலை 1ஆம் கால். 1 சிப் செலக்ட், 2 டேட்டா வெளியே, 3 எழுத்துத் தடை, 4 கிரவுண்ட், 5 டேட்டா உள்ளே, 6 க்ளாக், 7 ஹோல்ட், 8 மின்சாரம். 3ஐயும் 7ஐயும் தலா ஒரு 10 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டில் கட்டுங்கள். இவற்றைத் தொங்கவிட்டால் காற்றிலிருந்து வரும் இரைச்சலுக்கே சிப் பாதிப் பேச்சில் வாய்மூடிவிடும். சிப் செலக்ட்டுக்கும் ஒரு 10 கிலோ ஓம் மேலிழுப்பு வேண்டும். 4க்கும் 8க்கும் நடுவே, முடிந்தவரை கிளிப்பின் அருகில், 100 நானோ ஃபாரட்.

எம்சிபி23017இல் 9 மின்சாரம், 10 கிரவுண்ட், 12 ஐ2சி க்ளாக், 13 ஐ2சி டேட்டா. முகவரிக் கால்கள் 15, 16, 17 மூன்றையும் கிரவுண்டில் போட்டால் முகவரி 32. இந்தச் சிப்புக்கும் ஒரு 100 நானோ ஃபாரட். 18ஆம் கால் ரீசெட். அதை 10 கிலோ ஓமில் மேலே இழுத்து, பையின் ஒரு பின்னுக்கும் இணைத்துவிடுங்கள், ஏன் என்று கொஞ்சம் கழித்துத் தெரியும். ஏ போர்ட்டின் 0ஆம் பின்னை க்ளாக்குக்கும், 1ஐ டேட்டா உள்ளே காலுக்கும், 2ஐ சிப் செலக்ட்டுக்கும், 3ஐ டேட்டா வெளியே காலுக்கும் கொடுங்கள். முதல் மூன்றிலும் எக்ஸ்பாண்டர் பக்கத்தில் தலா ஒரு 47 ஓம் வைக்க வேண்டும். ஏ7, பி7 பின்களை உள்ளீடாகப் பயன்படுத்தாதீர்கள். தயாரிப்பாளரின் புதிய தரவுத்தாளில் அவை வெளியீடு மட்டுமே.

அந்த 47 ஓம் எதற்கு? மெதுவாக ஓட்டினால் சிக்னல் கோளாறு வராது என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. விநாடிக்கு ஒரே ஒரு க்ளாக் கொடுத்தாலும் அந்த விளிம்பு சில நானோ விநாடியில்தான் ஏறுகிறது. நீண்ட ஜம்பர் வயரில் அது அதிர்ந்து இரண்டு முறை மேலும் கீழும் போனால், 100 மெகா ஹெர்ட்ஸ் தாண்டி ஓடக்கூடிய ஃபிளாஷ் சிப் அதை இரண்டு க்ளாக்காக எண்ணிவிடும். வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் அந்தப் பிழை அப்படியே இருக்கும். வயரைச் சுருக்கி, க்ளாக்கோடு ஒட்டியே ஒரு கிரவுண்ட் வயர் ஓட்டி, தொடக்கத்தில் ஒரு சிறு ரெசிஸ்டர் வைப்பதுதான் மருந்து.

பையின் பின்களை நேரடியாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒரு விவரம். போர்டு எழும்போது ஜிபிஐஓ (பையின் பொதுப் பின்கள்) 0 முதல் 8 வரை மேலிழுப்பிலும் 9 முதல் 27 வரை கீழிழுப்பிலும் இருக்கும். ஆகவே சிப் செலக்ட்டுக்கு 5ஐயும் க்ளாக்குக்கு 13ஐயும் எடுத்தால், பை பூட் ஆகும் நேரத்தில் ஃபிளாஷ் தப்பாக விழித்துக்கொள்ளாது. டேட்டாவுக்கு 19, திரும்பி வரும் டேட்டாவுக்கு 6.

ஒரு பிட் எப்படிப் போகிறது

கட்டளை எண்கள் எல்லாவற்றையும் இங்கே பதின்ம முறையிலேயே கொடுக்கிறோம். தரவுத்தாளில் பதினாறடிமான எண்ணாக இருக்கும், மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் சிப் மோட் 0இல் பேசும். க்ளாக் ஓய்வில் தாழ்வு. ஏறும் விளிம்பில் சிப் நம் பிட்டை எடுத்துக்கொள்கிறது, இறங்கும் விளிம்பில் தன் பிட்டை வெளியே வைக்கிறது. பெரிய பிட் முதலில்.

ஏ போர்ட்டில் க்ளாக்கின் மதிப்பு 1, டேட்டாவின் மதிப்பு 2, சிப் செலக்ட்டின் மதிப்பு 4. ஓய்வு நிலை 4. சிப்பைத் தேர்ந்தெடுக்க 0. அதன்பின் 1 என்ற பிட்டுக்கு 2, 3 என்று இரண்டு எழுத்து (ஒரு எழுத்து என்றால் போர்ட்டில் ஒரு மதிப்பை ஒரு முறை எழுதுவது). 0 என்ற பிட்டுக்கு 0, 1. அவ்வளவுதான். சிப்பின் அடையாளம் கேட்கும் கட்டளை 159, இரும எண்ணில் 1 0 0 1 1 1 1 1. போர்ட்டுக்குப் போக வேண்டியவை வரிசையாக:

4, 0, 2, 3, 0, 1, 0, 1, 2, 3, 2, 3, 2, 3, 2, 3, 2, 3

க்ளாக் இறங்குவதும் புதிய டேட்டா வருவதும் ஒரே எழுத்தில் நடப்பதைக் கவனியுங்கள். இறங்கும் விளிம்பில் சிப் நம் டேட்டாவைப் பார்ப்பதில்லை, அதனால் பாதகமில்லை. ஏறும் விளிம்போடு டேட்டாவையும் சேர்த்து மாற்றவே கூடாது. எது முதலில் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பதில் படிக்க: 0 எழுதுங்கள், 1 எழுதுங்கள், இப்போது போர்ட்டைப் படித்து 3ஆம் பின்னின் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி 24 முறை. கடைசியில் 0, பிறகு 4. டபிள்யூ25க்யூ64 என்றால் 239, 64, 23 வர வேண்டும். டபிள்யூ25க்யூ128 என்றால் கடைசி எண் 24. இந்த மூன்று எண்களும் தொடர்ந்து பல முறை மாறாமல் வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

8 மெகாபைட் என்றால் 6 கோடியே 71 லட்சம் பிட். 400 கிலோ ஹெர்ட்ஸ் ஐ2சியில் எக்ஸ்பாண்டருக்கு ஒரு எழுத்து அனுப்ப முகவரி, ரெஜிஸ்டர் (சிப்புக்குள் எண்ணை வைக்கும் இடம்), மதிப்பு என மூன்று பைட் போகிறது, சுமார் 72 மைக்ரோ விநாடி. ஒவ்வொரு பின்னையும் தனித்தனியே மாற்றினால் பிட்டுக்கு மூன்று எழுத்து. மொத்தம் 4 மணி நேரம் தாண்டும், அதுவும் லினக்ஸின் சொந்தத் தாமதத்தைச் சேர்க்காமல்.

இதை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவர ஒரு வழி உண்டு. எம்சிபி23017இன் அமைப்பு ரெஜிஸ்டரில் பேங்க் பிட்டையும் சீக்வென்ஷியல் நிறுத்தும் பிட்டையும் 1 ஆக்குங்கள், மதிப்பு 160. இனி முகவரிச் சுட்டி நகராது, ஒரு முறை முகவரியும் ரெஜிஸ்டரும் சொல்லிவிட்டால் தொடர்ந்து வரும் ஒவ்வொரு பைட்டும் அதே போர்ட்டில் விழும். ஒரு எழுத்துக்கு 9 ஐ2சி க்ளாக், 22.5 மைக்ரோ விநாடி. ஒரு பிட்டுக்கு 45. முழுச் சிப்பையும் எழுத 50 நிமிடம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிப் எழுந்த நிலையில் அமைப்பு ரெஜிஸ்டரின் எண் 10. பேங்க் பிட்டை மாற்றியதும் அது 5க்கு இடம்பெயர்ந்துவிடும், 10ஆம் எண்ணில் இப்போது ஏ போர்ட்டின் வெளியீட்டு ரெஜிஸ்டர் உட்கார்ந்திருக்கும். உங்கள் புரோகிராமை இரண்டாம் முறை ஓட்டினால் அமைப்புக்காக அனுப்பிய 160 நேராகப் பின்களில் போய் விழும். அதனால்தான் ரீசெட் காலைப் பைக்கு இணைக்கச் சொன்னோம். ஒவ்வொரு முறையும் ரீசெட்டைத் தாழ்த்தி உயர்த்தி, அதன்பின் தொடங்குங்கள். முதலில் வெளியீட்டு ரெஜிஸ்டரில் 4 எழுதிவிட்டு, பிறகுதான் திசை ரெஜிஸ்டரை மாற்ற வேண்டும். வரிசை தலைகீழானால் சிப் செலக்ட் ஒரு கணம் தாழ்ந்துவிடும். இந்தச் சிப்புக்கான கெர்னல் டிரைவர் ஏற்றப்பட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், அது பழைய ரெஜிஸ்டர் வரிசையை நம்பி ஓடுகிறது.

படிப்பதை இப்படி வேகப்படுத்த முடியாது. ஒவ்வொரு பிட்டுக்கும் எழுத்திலிருந்து வாசிப்புக்குத் திரும்ப வேண்டும், பிட்டுக்கு 195 மைக்ரோ விநாடி அளவில் ஆகும். முழுச் சிப்பையும் படிக்க மூன்றரை மணி நேரத்துக்கு மேல்.

யூஎஸ்பி-சீரியல் ஒயரின் ஆர்டிஎஸ், டிடிஆர் கம்பிகளைப் பின்களாக ஆட்டுபவர்களும் உண்டு. அங்கே ஒவ்வொரு மாற்றமும் 1 மில்லி விநாடி யூஎஸ்பி ஃபிரேமுக்குக் காத்திருக்கும். பிட்டுக்கு மூன்று மாற்றம் என்றால் 8 மெகாபைட்டுக்கு 56 மணி நேரம். எஃப்டிடிஐ சிப் என்றால் பதிலைத் தேக்கிவைக்கும் அதன் லேட்டன்சி டைமர் வழக்கமாக 16 மில்லி விநாடியில் இருக்கும், அதை 1 ஆக்காமல் படிக்கவே ஆரம்பிக்காதீர்கள்.

உண்மையில் 8 மெகாபைட்டையும் எழுத வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. பூட்லோடர் பகுதி மட்டும், பெரும்பாலும் 256 கிலோபைட்டுக்குள், எழுதினால் போதும். அதற்கு ஒன்றரை நிமிடம்தான் ஆகிறது. பூட்லோடர் உயிர்பெற்றால் மீதி ஃபர்ம்வேரை நெட்வொர்க் கேபிள் வழியாகவே ஏற்றிக்கொள்ளலாம். மெதுவான பின்னோடு மல்லுக்கட்டுவதைவிட வேலையைச் சிறிதாக்குவது எப்போதும் மேல்.

ஃபிளாஷை எழுதுதல்

1. ரவுட்டரின் அடாப்டரை, நெட்வொர்க் கேபிளை, எல்லாவற்றையும் கழற்றுங்கள். கிளிப்பை மாட்டி 3.3 வோல்ட் கொடுங்கள். சிப்பின் 8ஆம் காலில் மல்டிமீட்டர் 3 வோல்ட்டுக்குக் கீழ் காட்டினால் உடனே நிறுத்துங்கள், மின்சாரம் ரவுட்டர் போர்டு முழுக்கப் பாய்கிறது. ஃபிளாஷ் சிப் எழுதும்போதே 25 மில்லி ஆம்பியர்தான் குடிக்கும். அப்படி இழுத்தால் ஹாட் ஏர் வைத்துச் சிப்பைக் கழற்றி எடுப்பதே பாதுகாப்பு. வோல்ட் சரியாக இருந்தாலும், ரவுட்டரின் பிராசசர் விழித்துக்கொண்டு அதே கம்பிகளை ஆட்டாதபடி அதன் ரீசெட்டைக் கிரவுண்டில் பிடித்து வையுங்கள்.

2. அடையாளம் படியுங்கள்.

3. எழுதப்போகும் பகுதியையும், சிப்பின் மீதியையும் படித்துச் சேமியுங்கள். படிக்கும் கட்டளை 3, அதன்பின் மூன்று பைட் முகவரி. முழுச் சிப்புக்கு நேரமில்லை என்றாலும் கடைசிப் பகுதியையாவது எடுத்தே ஆக வேண்டும். பல ரவுட்டர்களில் மேக் முகவரியும் வைஃபை அளவீட்டு எண்களும் அங்கேதான் இருக்கும். அவை அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே உரியவை, அழிந்தால் இணையத்தில் எங்கும் கிடைக்காது. இரண்டு முறை படித்து, இரண்டு நகலும் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

4. எழுத அனுமதிக்கும் கட்டளை 6. அனுப்பி, சிப் செலக்ட்டை உயர்த்தி, பிறகு நிலை ரெஜிஸ்டரைக் கட்டளை 5 கொண்டு படியுங்கள். 2 வந்தால் அனுமதி கிடைத்தது. பிட்டுகளை 0இலிருந்து எண்ணி, 2, 3, 4ஆம் பிட்டுகளில் ஏதாவது 1 ஆக இருந்தால் சிப்பின் ஒரு பகுதி பூட்டப்பட்டிருக்கிறது, முதலில் அதைத் திறக்க வேண்டும்.

5. 4 கிலோபைட் செக்டரை அழிக்கும் கட்டளை 32, முகவரியுடன். நிலை ரெஜிஸ்டரின் 0ஆம் பிட் 0 ஆகும்வரை காத்திருங்கள். வழக்கமாக 45 மில்லி விநாடி ஆகும், சில சமயம் 400 வரை போகலாம்.

6. மறுபடி 6. பிறகு கட்டளை 2, முகவரி, 256 பைட். ஒரு பக்கத்துக்கு 2080 பிட், போர்ட்டுக்குப் போகும் பைட்டுகள் 4160க்குச் சற்று மேல். லினக்ஸின் ஐ2சி சாதனக் கோப்பு ஒரே செய்தியில் 8192 பைட் வரை ஏற்கும் என்பதால், சிப் செலக்ட் தாழ்வது முதல் உயர்வது வரை ஒரு பக்கம் முழுவதும் ஒரே மூச்சில் போய்விடும். 256க்கு மேல் அனுப்பினால் அது அடுத்த பக்கத்துக்குப் போகாது, அதே பக்கத்தின் தொடக்கத்துக்குச் சுற்றிவந்து முதலில் எழுதியதைக் கெடுக்கும்.

7. ஒவ்வொரு அழிப்புக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் கட்டளை 6 புதிதாகத் தேவை. வேலை முடிந்ததும் சிப் அனுமதியைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

8. எழுதியதை முழுவதும் படித்து ஒப்பிடுங்கள். 256 கிலோபைட்டுக்கு 7 நிமிடம் ஆகும். இதைத் தவிர்க்க வேண்டாம்.

முழுக்க 255 ஆக இருக்கும் பக்கங்களை எழுதவே தேவையில்லை, அழித்த நிலையே அதுதான்.

நீங்களே புரோகிராம் எழுத விருப்பமில்லை என்றால், லினக்ஸின் எஸ்பிஐ-ஜிபிஐஓ டிரைவர் எக்ஸ்பாண்டர் பின்களையும் ஏற்றுக்கொள்ளும். டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) நான்கு பின்களையும் அறிவித்துவிட்டால், ஃபிளாஷ் சிப் எழுதும் புரோகிராமான ஃபிளாஷ்ரோம் வழக்கமான எஸ்பிஐ போலவே அதைப் பயன்படுத்தும். மேலே சொன்ன வேக உத்தி மட்டும் அதில் கிடைக்காது.

ஐ2சி வேண்டுமென்றால்

ஐ2சி கம்பியை ஒருபோதும் உயரத்துக்குத் தள்ளக் கூடாது. தாழ்த்தலாம், அல்லது விடலாம். உயர்த்துவது மேலிழுப்பு ரெசிஸ்டரின் வேலை, 4.7 கிலோ ஓம் பெரும்பாலான இடத்தில் பொருந்தும். சாதாரணப் பின்னில் இதைச் செய்ய வெளியீட்டு ரெஜிஸ்டரில் நிரந்தரமாக 0 வைத்துவிட்டு, திசை ரெஜிஸ்டரை மட்டும் மாற்றுங்கள். வெளியீடு என்றால் தாழ்வு, உள்ளீடு என்றால் விட்டாயிற்று.

எஸ்பிஐயில் செய்ததுபோல் க்ளாக்கையும் டேட்டாவையும் ஒரே எழுத்தில் மாற்றக் கூடாது. க்ளாக் உயர்ந்திருக்கும்போது டேட்டா அசைந்தால் அது தொடக்கம் அல்லது முடிவு என்று பொருளாகிவிடும். ஆகவே பிட்டுக்கு மூன்று எழுத்து: க்ளாக் தாழ்வில் டேட்டாவை வை, க்ளாக்கை விடு, டேட்டாவைத் தொடாமல் க்ளாக்கைத் தாழ்த்து. க்ளாக்கை விட்ட பிறகு அது உண்மையிலேயே உயர்ந்ததா என்று படித்துப் பார்க்க வேண்டும், சென்சார் க்ளாக்கைப் பிடித்துவைத்திருக்கலாம். ராஸ்பெர்ரி பையின் பழைய பிராட்காம் சிப்களில் ஹார்டுவேர் ஐ2சி இப்படிப் பிடித்துவைப்பதைச் சரியாகக் கையாளாது. பிஎன்ஓ055 போன்ற சென்சார்களுக்குப் பையின் சொந்தப் பின்களில் ஐ2சி-ஜிபிஐஓ ஓட்டுவதே ஹார்டுவேரைவிட நம்பகமானது.

பாதியில் நின்றுபோய் டேட்டா கம்பி தாழ்ந்தே கிடந்தால், டேட்டாவை விட்டுவிட்டு 9 க்ளாக் கொடுத்து ஒரு முடிவுச் சைகை அனுப்புங்கள். ஒரே முகவரியில் இரண்டு சென்சார் இருப்பதுதான் உங்கள் சிக்கல் என்றால், பின்களை ஆட்டுவதை விட்டுவிட்டு டிசிஏ9548ஏ மாட்டுங்கள், எட்டுத் தனி வழிகள் கிடைக்கும்.

மறைந்திருக்கும் கடிகாரங்கள்

எடை பார்க்கும் எச்எக்ஸ்711 பாலிடெக்னிக் புராஜெக்ட்டுகளில் அடிக்கடி தென்படும். 24 க்ளாக்கில் மதிப்பு வரும், 25ஆவது அடுத்த அளவீட்டின் பெருக்கத்தை 128 என்று நிர்ணயிக்கும். பார்ப்பதற்கு எஸ்பிஐ போலவே இருக்கிறது. ஆனால் அதன் க்ளாக் 60 மைக்ரோ விநாடிக்கு மேல் உயரத்தில் நின்றால் சிப் தூங்கிவிடும். எக்ஸ்பாண்டரில் தனித்தனி எழுத்தாக அனுப்பினால் உயர நேரம் 72 மைக்ரோ விநாடி, ஒவ்வொரு பிட்டிலும் தூக்கம்தான். மேலே சொன்ன தொடர் எழுத்தில் 1, 0 இரண்டையும் ஒரே செய்தியில் அனுப்பினால் உயர நேரம் 22.5 மைக்ரோ விநாடி, தாராளமாக உள்ளே அடங்கும். டேட்டா அடுத்த ஏறும் விளிம்பு வரை அசையாமல் நிற்பதால், க்ளாக் தாழ்ந்த பிறகு நிதானமாகப் படிக்கலாம். தாழ்வு நேரத்துக்கு வரம்பில்லை. பையின் நேரடிப் பின்களிலும் இதே ஆபத்து உண்டு, லினக்ஸ் எப்போது வேண்டுமானாலும் நம் புரோகிராமைச் சற்று நிறுத்திவைக்கும். உயர்த்தும் முன்னும் தாழ்த்திய பின்னும் நேரம் குறித்து, 50 மைக்ரோ விநாடி தாண்டியிருந்தால் அந்த அளவீட்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

எம்சிபி3008 அனலாக் சிப் இன்னும் வஞ்சகமானது, ஏனென்றால் அது பிழையே காட்டாது. உள்ளே பிடித்துவைத்த மின்னேற்றம் ஒரு சின்ன கெபாசிட்டரில் இருக்கிறது, அது கசிந்துகொண்டே போகும். பிடித்த கணத்திலிருந்து 1.2 மில்லி விநாடிக்குள் 10 பிட்டையும் வாங்கிவிட வேண்டும். எக்ஸ்பாண்டரில் பிட்டுக்கு 195 மைக்ரோ விநாடி என்றால் 2 மில்லி விநாடி ஆகிவிடுகிறது. எண் வரும், நம்பும்படியும் இருக்கும், ஆனால் தவறு. இதற்குப் பதில் ஐ2சியிலேயே பேசும் ஏடிஎஸ்1115 வாங்குங்கள்.

புதிய சிப் எதை எடுத்தாலும் தரவுத்தாளின் நேர அட்டவணையில் அதிகபட்சம் என்ற பத்தியை முதலில் பாருங்கள். எல்லாரும் குறைந்தபட்சத்தைத்தான் பார்ப்பார்கள். மெதுவான பின்னுக்குக் குறைந்தபட்சம் எப்போதும் நிறைவேறிவிடும், அதிகபட்சத்தில் ஒரு எண் அச்சிட்டிருந்தால் அங்கேதான் கடிகாரம் ஒளிந்திருக்கிறது.

வரும் கோளாறுகள்

அடையாளம் 255, 255, 255 என்று வந்தால் சிப் பேசவே இல்லை: சிப் செலக்ட் தாழவில்லை, ஹோல்ட் தாழ்ந்திருக்கிறது, அல்லது கிளிப் சரியாகத் தொடவில்லை. 0, 0, 0 என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது ரவுட்டரின் பிராசசர் கம்பியைக் கீழே பிடித்திருக்கிறது.

119, 160, 11 என்று வந்தால் நல்ல செய்தி. 239, 64, 23ஐ ஒரு பிட் வலப்பக்கம் தள்ளினால் இதுதான் வரும். ஒரு இறங்கும் விளிம்பு நடப்பதற்கு முன்பே படிக்கத் தொடங்கிவிட்டீர்கள். 247, 160, 11 வந்தாலும் அதே காரணம்தான், காலியாகத் தொங்கிய கம்பி முதல் பிட்டை 1 ஆகக் காட்டியிருக்கிறது. 222, 128, 46 அல்லது 47 என்றால் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது, க்ளாக்கை இறக்கிய பிறகு படிக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் புரோகிராமைத் தொடாதீர்கள், வயரைச் சுருக்குங்கள், கிரவுண்டைப் பாருங்கள், 47 ஓம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடையாளம் சரி, எழுத்து மட்டும் ஏறவில்லை என்றால், சிப் செலக்ட் சரியாக எட்டாவது பிட்டுக்குப் பின் உயர்கிறதா என்று எண்ணுங்கள். ஒரு பிட் கூடினாலும் குறைந்தாலும் சிப் அந்தக் கட்டளையைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். ஒப்பிடும்போது 1 இருக்க வேண்டிய இடங்களில் மட்டும் 0 இருந்தால் அந்தச் செக்டர் அழியவில்லை, எழுதும் வேலை 1ஐ 0 ஆக்குமே தவிர 0வை 1 ஆக்காது. படி 5க்குத் திரும்பி அந்தச் செக்டரை அழித்து, அதிலுள்ள 16 பக்கங்களை மட்டும் மறுபடி எழுதுங்கள்.